தாம்பாளத்து ஆலமரம்

என் வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை மலர்க் கண்காட்சிக்குப் போனவர், ஒரு முழம் உயரம்கூட இல்லாத போன்சாய் ஆலமரம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. கல்யாணமான புதிதில் என்னைக்கூட அவர் அவ்வளவு பக்குவமாகப் படியேற்றிக் கூட்டிவந்ததில்லை. "மெல்ல, மெல்ல, கதவைப் பிடியும்" என்று எனக்குத்தான் கட்டளை.

ஹோலில் வைக்க இடமில்லை. யுத்த காலத்தில் வெள்ளவத்தை வீடுகளின் ஹோல் குடியிருப்பவர்களுக்குச் சொந்தமாக இருந்ததில்லை. வெளிநாடு போக ஏஜென்சிக்காரனின் சொல்லுக்குக் காத்திருக்கும் யாராவது பாயும் சூட்கேசுமாக அங்கே இருப்பார்கள். அப்போது இருந்தது அவருடைய தங்கை, என் மச்சாள். ஆகவே மரம் எங்கள் படுக்கையறைக்கு வந்தது. வாசலில் ஓடும் காலி வீதி என்ற பெருந்தெருவின் புகைக்கும் இரைச்சலுக்கும் பயந்து அந்த அறைக் கண்ணாடி ஜன்னலை நாங்கள் திறப்பதே இல்லை, ஏ.சி.தான். ஒரு கிழமை போவதற்குள் மரம் இலையைக் கொட்டத் தொடங்கியது.

"ஏ.சி. காத்து ஈரத்தையெல்லாம் உறிஞ்சிப்போடுது. பாவம், அது காய்ஞ்சு போகுது" என்றார்.

உடுப்புத் தோய்த்துப் போட்டால் காயாத கொழும்பில் ஒரு மரம் ஈரம் காணாமல் வாடுகிறதாம்! எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

முதல் வைத்தியமாக, மரத்தைத் தூக்கிக் குசினிக்குப் பின்னால் கடல் தெரிகிற பல்கனியில் வைத்தார். கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர், அந்தக் காற்றில் ஈரத்துக்கு என்ன குறை என்பது அவர் போட்ட கணக்கு. கிணற்றடியில் வாழை வளர்த்துப் பழகிய யாழ்ப்பாணத்து மூளைக்கு வேறு என்ன தோன்றும்? உப்புக் காற்றில் பல்கனிக் கம்பி துருப்பிடித்து உதிர்வதைத் தினமும் கூட்டி அள்ளுகிறவள் நான். என்னை யார் கேட்டார்கள்? மிஞ்சியிருந்த இலைகளும் ஓரம் கருகின. மரம் திரும்பவும் படுக்கையறைக்கே வந்தது.

பிறகு யாரிடமோ விசாரித்துக்கொண்டு வந்து சரியான பக்குவம் பார்க்கத் தொடங்கினார். என் கல்யாணத்துக்கு அம்மா தந்த பித்தளைத் தாம்பாளத்தை அலுமாரியிலிருந்து எடுத்தார். அதில் கூழாங்கற்களைப் பரப்பித் தண்ணீர் விட்டு, கல்லின் மேல் சட்டியை வைத்தார். தண்ணீர் சட்டியின் அடியைத் தொடக்கூடாதாம், கல்லிடுக்கில் நின்று மெல்ல ஆவியாகி இலைக்கு ஏறவேண்டுமாம். சேலை அயன் பண்ண நான் வைத்திருந்த தெளிக்கும் போத்தல் மரத்துக்குப் போனது. குழாய்த் தண்ணீரில் மருந்து மணக்கிறதென்று, நான் குடிக்கக் கொதிக்க வைத்து ஆறவிட்ட தண்ணீரும் மரத்துக்கே போனது. எல்லாவற்றுக்கும் மேலாக, குளிர்காற்று நேரே மரத்தில் படக்கூடாது என்று ஏ.சி.யின் வாயைத் திருப்பினார். அது என் தலைமாட்டுக்குத் திரும்பியது. எனக்குத் தடிமன் பிடித்தது. விடிய எழும்பினதும் விரலால் மண்ணைத் தொட்டுப் பார்ப்பார், ஒரு தும்மலுக்கும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

"மச்சாள், அண்ணாவுக்கு இப்ப அதுதான் வீட்டுக்காரி" என்று மச்சாள் பாயில் படுத்தபடி சிரிப்பாள். நானும் சிரித்து வைப்பேன். ஆனால் மனதுக்குள் அந்த மரத்துக்குச் சக்களத்தி என்றே பெயர் வைத்திருந்தேன்.

தாம்பாளத்தையும் தண்ணீரையும் நான் மன்னித்திருப்பேன். மன்னிக்க முடியாதது ரெலிபோன். கொழும்புக் கோட்டைப் பகுதியில் அவர் வேலை செய்யும் கந்தோர். வழியெல்லாம் ஆமியின் செக் பொயின்ற், எங்கே எப்போது குண்டு வெடிக்கும் என்று தெரியாது. வேலைக்குப் போனவர்கள் போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்கு ஒரு ரெலிபோன் கோல் எடுப்பது அந்த நாட்களில் எங்கள் சனத்தின் வழக்கம். இவர் வாய் திறந்து அன்பு காட்டத் தெரியாத மனிதர். "வந்து சேர்ந்திட்டன். சாப்பிட்டனீரோ?" என்று அந்தக் கோலில் கேட்பதுதான் எனக்குக் கிடைத்த அன்பு முழுவதும். அதைக் கேட்ட பிறகுதான் நான் தேத்தண்ணி குடிப்பேன்.

மரம் வந்த பிறகு அந்தக் கோல், "வந்து சேர்ந்திட்டன். மரத்துக்குத் தெளிச்சனீரோ?" என்று மாறிவிட்டது. நான் சாப்பிட்டேனா என்ற கேள்வியை அந்தச் சக்களத்தி எடுத்துக்கொண்டாள். "ஓம்" என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டுத் தேத்தண்ணியை அப்படியே ஆறவிட்ட நாட்கள் உண்டு.

ஒரு நாள் காலை அவர் போய்க் கொஞ்ச நேரத்தில், கோட்டைப் பக்கம் பெரிதாக வெடித்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டினாள். அதுவரை கோல் வரவில்லை. நான் கந்தோர் நம்பரைச் சுழற்றிச் சுழற்றி எடுத்துப் பார்த்தேன், லைன் கிடைக்கவில்லை. மச்சாள் சுவரோடு சாய்ந்து அழத் தொடங்கினாள். எனக்கு அழவும் வரவில்லை. கோல் வந்தால் முதலில் மரத்தைத்தான் கேட்பார் என்று நினைத்துத் தெளிக்கும் போத்தலை எடுத்தேன். இலை இலையாகத் தெளித்தேன். தாம்பாளத்திலும் அளவு பார்த்துத் தண்ணீர் விட்டேன். "அந்த மனுசன் வந்து உன்னையே பார்க்கட்டும், எனக்கு ஒண்டும் வேண்டாம், வந்தால் போதும்" என்று வாய்விட்டே சொன்னேன். அப்போதுதான் பார்த்தேன். மொட்டையாய் நின்ற கொப்பின் நுனியில் புதுத் துளிர் ஒன்று ஊசிபோலக் கூராக நின்றது.

மத்தியானம் தாண்டி மணி அடித்தது.

"நான்தான். எனக்கு ஒண்டுமில்லை. வாற வழியில, கொள்ளுப்பிட்டியில ஒரு கடையில நிண்டு கதைக்கிறன். பஸ் ஒண்டும் ஓடேல்லை, நடந்து வாறன். நீர் ரோட்டுக்கு இறங்க வேண்டாம். சாப்பிட்டனீரோ?"

"மரம் துளிர் விட்டிருக்கு" என்றேன்.

அவருக்குப் பின்னால் யாரோ சிங்களத்தில் அவசரப்படுத்துவது கேட்டது.

"எந்த மரம்?" என்றார்.

எனக்குத் தெளிவாகத்தான் கேட்டது. படுக்கையறைக் கதவு திறந்துதான் கிடந்தது. தாம்பாளத்தில் நின்ற சக்களத்தியை நேரே பார்த்துக்கொண்டு, "லைன் சரியில்லை, இன்னொருக்கால் சொல்லுங்கோ" என்றேன்.