மாமா நடித்த பேய்ப்படம்

கருமத்தம்பட்டியில் மாமாவின் தறிக்குடோன் மூடிக் கிடந்தது. என் அம்மாவின் அண்ணன் அவர். நான் எடுத்த பேய்ப்படத்துக்கு அந்த இடத்தைச் சும்மா கொடுத்தார். பதிலுக்கு ஒரு வேடம் கேட்டார். நல்ல முதலாளி வேடம் கொடுத்தேன். பாதிப் படத்தில் பேய் அவரைக் கொன்றுவிடும்.

கொல்லும் காட்சிக்கு முதல் நாள் குலசாமி கோயிலுக்குப் போய்ப் பூ கேட்டிருக்கிறார். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலமாகச் சாமி முன்னால் கிடக்கும். ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை என்றால் சாமிக்குச் சம்மதம். மாமாவுக்குச் சிவப்பு வந்ததாம்.

"சாமி வேண்டாங்குது மாப்ள. பொம்பளப் பேய் கையில நான் செத்தா ஊருக்குள்ள தல காட்ட முடியுமா? சாமானத்த எடுத்துட்டுக் கெளம்பு" என்று குடோனைப் பூட்டிவிட்டார். பொட்டலம் கட்டியதே அவர்தான். இரண்டிலும் சிவப்பைத்தான் வைத்திருப்பார் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். எனக்கு வயிறு எரிந்தது. கூட வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

காந்திபுரத்தில் லாட்ஜ் அறை ஒன்றில் உட்கார்ந்து, எடுத்த வரைக்கும் இருந்த காட்சிகளை மாற்றி அடுக்கினேன். மாமாவைக் கொலைகாரனாக்கினேன். படத்தில் தறி ஓட்டும் பெண் காணாமல் போனதும் அவர் சிரிப்பார். அடுத்து, படப்பிடிப்பில் ஒரு மதியம் பிரியாணி தின்றுவிட்டு அவர் குழாயடியில் கை கழுவியதைச் சேர்த்தேன். கேமராக்காரன் விளையாட்டாக எடுத்து வைத்திருந்தான். விரல் விரலாகத் தேய்ப்பார், நகத்தைப் பார்ப்பார், மறுபடியும் கழுவுவார். பழி தீர்க்க இதைவிட என்ன வேண்டும்?

சொந்தபந்தம் மொத்தத்தையும் கூப்பிட்டு ஒரு கல்யாண மண்டபத்தில் படத்தைப் போட்டேன். மாமாவும் அத்தையும் முன்வரிசையில். கை கழுவும் இடத்தில் மண்டபமே "அடப்பாவி!" என்றது. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

முடிந்ததும் அத்தை என்னிடம் வந்தார்.

"அது நடிப்பில்ல கண்ணு. என்னைய அடிச்சுப்போட்டு வந்து அப்பிடித்தான் கழுவுவாரு."

அன்றைக்கு அவர் மாமாவின் காரில் ஏறவில்லை. ஈரோட்டுப் பஸ் ஏறிப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். மாமா அடிப்பார் என்று எனக்கு அதுவரை தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் காட்சியை இன்னும் நீளமாக வைத்திருப்பேன்.

சில நாள் கழித்து மாமா போன் செய்தார். "ஏனுங்க மாப்ள, அந்தக் கை கழுவுறத மட்டும் வெட்டிப்போடுங்க. நெட்டுல போட்டுறாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." எனக்கு அவர் மரியாதை கொடுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

அத்தையைக் கூப்பிட்டு, வெட்டட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாங் கண்ணு. எல்லாரும் பாக்கட்டும்."

அன்றைக்கே இணையத்தில் ஏற்றினேன்.