பதினாலு சீட்டும் ஒன்றரை மணி நேரமும்

எஞ்சினியரிங் படிக்கிறேன்னு சொன்னா எங்க ஊர்ல ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. தெருவுக்கு நாலு எஞ்சினியர் இருக்காங்க, அதுல ரெண்டு பேரு செல்போன் கடை வச்சிருக்காங்க. அதோட ஜியாலஜியும் சேத்து அஞ்சு வருஷத்துல ரெண்டு டிகிரின்னு சொன்னதும்தான் வம்பு ஆரம்பிச்சுது. பாகூர் கடைத்தெருவுல அப்பாவ நிறுத்தி, "இன்னாபா, பொண்ணு கல்லப் பத்தி படிக்கப் போவுதாமே?"ன்னு கேட்டிருக்காங்க. அப்பா கொஞ்சமும் அசரல. "எஞ்சினியரிங் வாங்குனா அது ஃப்ரீ"ன்னு சொல்லிட்டு வந்துட்டாரு.

உண்மை அதுக்கு நேர் தலைகீழ். எஞ்சினியரிங்தான் அப்பாவுக்கோசரம் எடுத்த ஃப்ரீ. ஜியாலஜிதான் எனக்கு வேணும். நான் எட்டாவது படிக்கும்போது எங்க கழனியில போர் போட்டாங்க. மொதல்ல கருப்புக் களிமண்ணு வந்துச்சு, அப்புறம் மஞ்ச மணலு, அதுக்குக் கீழ செவப்பு. எல்லாரும் தண்ணி வருதான்னு பாத்துக்கிட்டிருந்தாங்க, நான் ஒவ்வொரு கலரையும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல அள்ளி வச்சேன். அந்தப் பாட்டிலுங்க இன்னும் எங்க வூட்டு அலமாரியில இருக்கு. அம்மா அதுல ஒண்ணக் காலி பண்ணி மிளகு போட்டு வச்சிருக்கு.

அந்த போருக்கு எடம் பாத்துக் குடுத்தது எங்க பெரியப்பா. உள்ளங்கையில தேங்காய வச்சுக்கிட்டு கழனிய சுத்தி வருவாரு, தேங்கா நட்டுக்கிட்டு நின்னா கீழ தண்ணி. காலேஜ்ல சேந்த மொத வருஷ லீவுலயே நான் அவர ஒரு வழி பண்ணிட்டேன். "பெரியப்பா, இதெல்லாம் மூடநம்பிக்கை. பூமிக்கு அடியில இருக்குறது தேங்காய்க்கு எப்படித் தெரியும்?"னு எல்லார் எதிர்லயும் கேட்டேன். மனுஷன் தேங்காய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. அம்மா மட்டும், "அவரு பாட்டுக்கு இருக்காரு, உனக்கு இன்னாடி வந்துச்சு?"ன்னுச்சு. நான் அறிவியல் வளக்குறேன்னு நெனப்பு.

சரி, படிப்புக்கு வருவோம். எங்க காலேஜு மேற்க, பஸ்ல ஏழு மணி நேரம். ரெண்டு டிகிரி எடுக்கிறவங்க அஞ்சு வருஷத்துக்கும் எந்தப் பாடம் எந்த செமஸ்டர்னு மொத மாசமே திட்டம் போட்டுக் குடுக்கணும்னாங்க. நான் பெரிய சார்ட் பேப்பர் வாங்கி, நாலு கலர்ல கோடு போட்டு, கலெக்டர் ஆபீஸ் மேப் கணக்கா ஒண்ணு தயார் பண்ணேன். அதோட ஆயுசு மூணே வாரம். கல்லைக் கண்டா நாயைக் காணோம், நாயைக் கண்டா கல்லைக் காணோம்னு சொல்லுவாங்களே, அத எங்க காலேஜு டைம்டேபிள பாத்துட்டுத்தான் சொல்லியிருக்கணும். பாறை அமைப்பு பத்தின பாடம் இருக்குற அதே நேரத்துல இந்தப் பக்கம் கான்கிரீட் லேப் இருக்கும். எஞ்சினியரிங் ஆபீஸ்ல போய்க் கேட்டா, "அது ஜியாலஜி பிரச்சனை"ம்பாங்க. ஜியாலஜி ஆபீஸ்ல கேட்டா, "நீ எஞ்சினியரிங் ஸ்டூடண்ட்தான?"ம்பாங்க. அஞ்சு வருஷத்துல ஆட்டத் தூக்கி மாட்டுல போட்டு, மாட்டத் தூக்கி ஆட்டுல போட்டு, அந்த சார்ட்ட பதினோரு தடவ மாத்தினேன்.

இதுல ஒரு கூத்தும் உண்டு. எஞ்சினியரிங் பசங்களுக்குன்னு 'ஜியாலஜி அறிமுகம்'னு ஒரு பாடம். நான் ஏற்கனவே நாலு செமஸ்டர் ஜியாலஜி படிச்சு முடிச்சவ. அதனால இது வேணாம்னு எழுதிக் குடுத்தேன். அறிமுகம் ஆகாம நீ எப்படிம்மா படிச்சன்னு கேட்டு திருப்பி அனுப்பிட்டாங்க. மூணாவது வருஷம் மொதல் வருஷப் பசங்களோட ஒக்காந்து, பாறை மூணு வகைப்படும்னு நோட்ல எழுதினேன். அந்தப் பரிச்சையில எனக்கு பி கிரேடுதான் வந்துச்சு, அத இங்க எழுதிருக்கவே வேணாம்.

இந்த அஞ்சு வருஷத் திட்டமும் ஒரே ஒரு ஆணியில தொங்கிக்கிட்டிருந்துச்சு. அது ஃபீல்டு கேம்ப். பத்து நாள் வெளியில போய் பாறைகளப் பாத்து மேப் போடுற பாடம். அது இல்லாம ஜியாலஜி டிகிரி கெடையாது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவதான் நடத்துவாங்க. அடுத்த தடவ வரும்போது நான் அஞ்சாவது வருஷம், அப்ப ஆறு மாசம் எங்கயோ ஒரு கம்பெனியில எஞ்சினியரிங் ட்ரெய்னிங்ல இருந்தாவணும். அப்பாவும் அஞ்சு வருஷத்துக்கு மேல ஒரு நாள் கெடையாதுன்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டாரு. ஆக, மூணாவது வருஷம் ஜனவரி மாசம் கேம்ப்புல பேரு வரலன்னா, ஜியாலஜிக்கு ஒரு கும்புடு போட்டுட்டு நானும் செல்போன் கடை வைக்க வேண்டியதுதான். சீட்டு பதினாலு. ஏன் பதினாலுன்னா டிபார்ட்மென்ட் வேன்ல அவ்வளவுதான் எடம். யாரு மொதல்ல ஆன்லைன்ல பட்டன் அழுத்துறாங்களோ அவங்களுக்குத்தான் சீட்டு.

பதிவு டிசம்பர் லீவுல, ஒரு திங்கக்கெழம காலைல எட்டு மணிக்கு. நான் வூட்ல இருந்தேன். ஏழரைக்கே குளிச்சு முடிச்சு, லேப்டாப்ப கட்டில்ல வச்சு, போன்லருந்து நெட் எடுத்து, பாஸ்வேர்டு போட்டு உள்ள போய் ஒக்காந்துட்டேன். அப்பா டீக்கடைக்குப் போயிட்டாரு. அம்மா ஆறு மணிக்கே கழனிக்குப் போயிடுச்சு. எதிர் செவுத்துல உரக்கடையில குடுத்த தினசரி காலண்டர். சும்மா இருந்த கை அத ஏன் கிழிக்கப் போச்சுன்னு எனக்கு இன்னைக்கும் தெரியல. பழைய தாள கிழிச்சதும் புது தாள்ல கண்ணு நேரா கீழ போச்சு. ராகு ஏழரை முதல் ஒன்பது வரை.

மொதல்ல சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம், வாழ்க்கையில முக்கியமான காரியமாச்சேன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. அப்புறம், பாறை மேல யாருக்குடி அவ்வளவு ஆசை, சீட்டு அப்படியேதான் இருக்கப் போவுது, ஒரு மணி நேரம்தானன்னு ஒரு நெனப்பு. மணி எட்டாச்சு. ஸ்கிரீன்ல பட்டன் பச்சையா மாறுச்சு. நான் ரெண்டு கையையும் தொடைக்குக் கீழ வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். தேங்காயப் பாத்து சிரிச்சவ, கோடிக் கணக்குல வருஷத்த எண்ணிப் படிக்கிறவ, ஒன்றரை மணி நேரத்துக்குப் பயந்து சாமி மாதிரி ஒக்காந்திருந்தேன். ஒம்போது மணி ஒரு நிமிஷத்துக்கு அழுத்தினேன். சீட்டு இல்லன்னு வந்துச்சு.

அம்மா பத்து மணிக்கு வூட்டுக்கு வந்துச்சு. நான் அழுது மூஞ்சி வீங்கிக் கெடந்தேன். இன்னான்னு கேட்டதுக்கு, "எல்லாம் உன்னாலதான்!"னு கத்தினேன். "சின்ன வயசுலருந்து ராகு காலம் ராகு காலம்னு சொல்லி சொல்லி மண்டையில ஏத்தி வச்சிருக்க!"

அம்மா தலையில இருந்த புல்லுக்கட்ட எறக்கிக் கீழ வச்சுட்டு என்னப் பாத்துச்சு. "நானா? கரும்பு வெட்ட ஆளு வர்ற அன்னைக்கு நான் ராகு காலமா பாத்தேன்? நீ பொறந்ததே ராகு காலத்துலதான். அப்ப மட்டும் உன்ன உள்ளயே இருன்னா சொன்னேன்?"

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதைதான். இருந்தாலும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு போய்ப் படுத்தேன். "அழுதா சீட்டு வந்துடுமா? அந்த டீச்சருக்கு போனப் போடு"ன்னு அம்மாதான் போன எடுத்துக் கையில குடுத்துச்சு.

கேம்ப்ப நடத்துற மேடம் ரொம்பக் கறார். "ஏம்மா, எட்டு மணிக்குத் தொறந்துது, எட்டு அஞ்சுக்கு முடிஞ்சுது. நீ எங்க போன?"ன்னு கேட்டாங்க. நெட் போயிடுச்சு மேடம்னு சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அவங்களே, "நீ ஏழு நாப்பதுல இருந்து உள்ளதான் இருந்திருக்க, இங்க காட்டுதே"ன்னாங்க. அவ்வளவுதான், என் வாயில இருந்து தானா வந்துடுச்சு. "அம்மா விடல மேடம். ராகு காலம்னு சொல்லிட்டாங்க."

மேடம் சிரிச்சாங்க. "வேன்ல எடம் கெடையாதும்மா. இந்தத் தடவ பாண்டிச்சேரி பக்கம் வரோம். வில்லியனூர் தாண்டி, சுண்ணாம்புப் பாறை வெளிய தெரியுற எடம்."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. எங்க ஊர்லருந்து ஒரு பஸ்ஸு மாறினா வில்லியனூர். ரெண்டுமே பாண்டிச்சேரிதான், நடுவுல தமிழ்நாடு வந்து வந்து போவும், அவ்வளவுதான். எங்க ஊருக்கு வர்ற வேன்ல எனக்கு எடம் இல்லன்னு நான் ஏழு மணி நேரம் தள்ளியிருக்குற காலேஜுக்கு போன் பண்ணி அழுதுக்கிட்டிருக்கேன். "மேடம், நான் வூட்லருந்தே வந்துடுறேன்"னேன்.

"அப்ப உனக்கு வேன் எதுக்கு? தெனம் ஏழு மணிக்கு நீயா வந்து நின்னா எடுத்துக்கிறேன். ஆனா லேட் ஃபார்ம் குடுக்கணும். ரெண்டு டிபார்ட்மென்ட் சம்மதம், தாமதத்துக்குக் காரணம், பெத்தவங்க கையெழுத்து. புதன்கெழம ஒரு மணிக்குள்ள வரணும். அடிச்சுத் திருத்தி இருந்தா ஆபீஸ்ல எடுக்க மாட்டாங்க. காரணம் இப்ப சொன்னியே, அதையே எழுது."

ஜியாலஜிக்காரங்க சம்மதம் அன்னைக்கே வந்துடுச்சு. எஞ்சினியரிங் பக்கம் வழக்கம் போல, இது ஜியாலஜி பிரச்சனைன்னு ஒரு மெயில் போட்டாங்க. மூணு மெயில், ரெண்டு போனுக்கு அப்புறம் புதன்கெழம பதினொன்றரைக்குத்தான் சம்மதம் வந்துச்சு. பாகூருக்கு ஓடி பிரிண்ட் எடுத்தேன். கடையில நின்னே இங்கிலீஷ்ல பேனாவால எழுதினேன். தாமதத்துக்குக் காரணம், என் தாயாரின் மூடநம்பிக்கை. பெரியப்பாவுக்கு வச்ச அதே வார்த்தை.

வூட்டுக்கு வந்தா அப்பா இல்ல, அறுப்பு மெஷின் சொல்றதுக்காக மடுகரை போயிருந்தாரு. கையெழுத்து அம்மாதான் போடணும். அம்மா சேத்துக் கைய பைப்புல கழுவிட்டு, முந்தானையில தொடச்சுக்கிட்டு வந்து தாள வாங்குச்சு. எங்கம்மா பத்தாவது வரைக்கும் போனது. இங்கிலீஷ எழுத்துக் கூட்டிப் படிக்கும்.

"இன்னா எழுதியிருக்க? இதுல மதர்னு ஒண்ணு இருக்கே, அது நான்தான?"

"சும்மா ஒரு காரணம்மா. கேட்டாங்க, எழுதினேன்."

"படிச்சுக் காட்டு."

தமிழ்ல சொன்னேன். சொல்லும்போது கொரலு எனக்கே கேக்கல. மாத்தி எழுதிடலாம்னா இன்னொரு தாளு எடுக்க நேரம் இல்ல, அடிச்சா செல்லாது. அம்மா செவுத்துப் பக்கம் திரும்பி கடிகாரத்தப் பாத்துச்சு, அப்புறம் காலண்டரப் பாத்துச்சு. பன்னெண்டு இருவது.

"புதன்கெழம பன்னெண்டுலருந்து ஒன்றரை ராகு காலம் போட்டிருக்கே. இப்ப போடவா, இல்ல அது முடியற வரைக்கும் ரெண்டு பேரும் ஒக்காந்திருக்கலாமா?"

"போடும்மா"ன்னேன். போட்டுச்சு. போன்ல படம் புடிச்சு பன்னெண்டு முப்பத்தஞ்சுக்கு அனுப்பினேன். சாயங்காலம் லிஸ்ட்டுல பதினஞ்சாவதா என் பேரு வந்துச்சு.

கேம்ப்புக்குத் தெனம் மொத பஸ்ஸுல போனேன். அந்தப் பொட்டல்ல கால் வச்ச எடமெல்லாம் பாறையில சிப்பி. ஏழு கோடி வருஷத்துக்கு முன்னாடி அங்க கடலு இருந்துச்சு. மொத சிப்பிய சுத்தியால தட்டி எடுத்தப்ப அழுதுட்டேன், கண்ணுல தூசின்னு சொல்லி சமாளிச்சேன். அஞ்சாவது நாள் மத்தியானம் நிமிந்து பாத்தா, வெயில்ல அம்மா வருது. பஸ்ஸு மாறி வந்திருக்கு. ரெண்டு கையிலயும் ரெண்டு தூக்கு. பதினஞ்சு பேருக்கும் மேடத்துக்கும் புளி சோறும் உருளக்கெழங்கு வறுவலும்.

சாப்பிட்டுக்கிட்டே மேடம் அம்மாவப் பாத்து சிரிச்சாங்க. "நீங்கதானா அந்த ராகு காலம் பாக்குற அம்மா?"

பசங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. நான் கையில சோத்தோட அப்படியே ஒறஞ்சு போயிட்டேன். அம்மா என்ன ஒரு தடவ பாத்துச்சு.

"ஆமாங்க மேடம், நான்தான். நான்தான் புடிச்சு ஒக்கார வச்சேன். அவளுக்கு அதுலல்லாம் நம்பிக்கையே கெடையாது. சாப்புடுங்க, இன்னும் கொஞ்சம் வறுவல் வைக்கட்டா?"

வெக்கம் என்னப் புடுங்கித் தின்னுச்சு. நான்தான் மேடம்னு அப்பவே எழுந்திரிச்சு சொல்லியிருக்கணும். சொல்லல, இன்னைக்கு வரைக்கும் சொல்லல. சாயங்காலம் திரும்பி வரும்போது பஸ்ஸுல காலித் தூக்கு ரெண்டையும் மடியில வச்சுக்கிட்டு, "ஏம்மா அப்படிச் சொன்ன?"ன்னு கேட்டேன்.

அம்மா ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டே சொல்லுச்சு. "கல்லு படிக்கிற பொண்ணு ராகு காலம் பாத்துச்சுன்னு தெரிஞ்சா அந்தம்மா உன்ன மதிப்பாங்களா? நான் பாத்தேன்னா எனக்கு இன்னாடி போவுது, நான் இன்னா டிகிரியா வாங்கப் போறேன்?"