நடுச்சுவருக்கு அடியில் போகும் குழாய்

குழாய்க்குள் கேமராவை விட்டதும், அடைப்பு எங்கே என்று எவரும் கேட்பதில்லை. யாரால் என்றுதான் கேட்கிறார்கள். கங்காதரனுக்கு இது பழகி, பழகி, அலுத்தே போய்விட்டது.

முனையில் விளக்கும் கேமராவும் உள்ள நீளக் கேபிளைக் கக்கூஸ் குழாய்க்குள் தள்ளிக்கொண்டே போவான். உள்ளே இருப்பதெல்லாம் ஸ்டூல் மேல் வைத்த சின்ன டிவிப் பெட்டியில் தெரியும். மூக்கைப் பொத்திக்கொண்டு குடும்பமே சுற்றி நிற்கும். மாமியார் மருமகளைப் பார்ப்பாள். வீட்டுக்காரர் குடித்தனக்காரரை முறைப்பார். வேலூர் லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு வீட்டில் பொம்மையின் கை ஒன்று படத்தில் வந்ததுமே, "நான் சொல்லல, மாடி வீட்டுப் பசங்க வேலைதான்!" என்று குதித்தார் ஒரு பெரியவர். அந்தப் பொம்மை அவருடைய சொந்தப் பேத்தியுடையது. அன்றைக்கு அந்த வீட்டில் கங்காதரனுக்கு ஒரு வாய் காப்பிகூடக் கிடைக்கவில்லை.

தொண்ணூறுகளில் தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுநீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோக ஆம்பூரில் குழாய் பதித்தபோது, மண்வெட்டியோடு இந்தத் தொழிலுக்கு வந்தவன் அவன். 2006இல் அவன் வேலை செய்யும் கான்ட்ராக்டர் கவுஸ் பாஷா சென்னையிலிருந்து இந்தப் பழைய கேமராவை வாங்கி வந்தார்.

"கங்கா, இனிமே நோண்டாமலே பாத்துடலாம்பா!"

"பாத்துட்டு நோண்டித்தானே ஆவணும், பாய்" என்றான் கங்காதரன்.

அன்றிலிருந்து மேல்விஷாரம், வேலூர், ஆம்பூர் என்று ஊர் ஊராக அலைச்சல். கேபிள் சுருளைத் தூக்கித் தூக்கி வலது தோள் இறங்கிவிட்டது. ராத்திரி கண்ணை மூடினாலும் குழாய்தான் வந்தது. இத்தனை வீட்டுக் குழாயைப் பார்த்தவன், தன் வீட்டுக் குழாயை மட்டும் பார்க்கவில்லை.

அந்த வீட்டுக்கு ஒரு கதை உண்டு. அப்பா விட்டுப்போன மனையில் முன்பாதி கங்காதரனுக்கு, பின்பாதி தம்பி குமரனுக்கு. செப்டிக் டேங்க் தம்பி பக்கத்தில். அண்ணன் வீட்டுக் குழாய் தம்பி கொல்லைக்குப் போய், அங்கே மூடி போட்ட சேம்பர் தொட்டியில் சேர்ந்து, டேங்கில் விழும். தம்பி மனைவி சுந்தரி வீட்டிலேயே உட்கார்ந்து கம்பெனிக்கு ஷூவின் மேல்பாகத் தோல் தைப்பவள். 1998 மழைக்காலத்தில் ஒருநாள் கங்காதரன் வீட்டுக் கக்கூஸ் பொங்கி வழிந்தது. சேம்பரைத் திறந்து பார்த்தால் ஒரு கொத்துத் தோல் துண்டுகள். அள்ளி எடுத்து ஒரு பேச்சோடு விட்டிருக்கலாம். கோபம் விடவில்லை. தம்பி வீட்டுக்குள் சுந்தரியின் பிறந்த வீட்டார் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சொட்டச் சொட்ட அதைக் கொண்டுபோய் அவர்கள் எதிரில் வீசினான். "இதையும் பரிமாறுங்க" என்று வேறு சொன்னான்.

அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. அடுத்த வருஷம் கங்காதரன் நடுவில் ஆளுயரத்துக்கு மேல் சுவர் எழுப்பினான். சுவர் வந்த பிறகும் கக்கூஸ் அடைப்பு நிற்கவில்லை, இன்னும் ஜாஸ்தியானது. தம்பி வேண்டுமென்றே செய்கிறான் என்று இவன் நினைத்தான். அந்தப் பக்கம் சுந்தரியின் சமையலறைத் தரை ஓதம் ஏறி நாறியது. அண்ணன் வேண்டுமென்றே செய்கிறான் என்று அவர்கள் நினைத்தார்கள்.

"ஊருக்கெல்லாம் கேமரா வுட்றீங்களே, நம்ம வூட்டுக்கு ஒரு தபா வுட்டுப் பாருங்களேன்" என்று கங்காதரன் மனைவி சௌந்தரம் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஊரான் வூட்டுதப் பாத்துட்டு வந்து இங்கயும் பாக்கணுமா? ஆள வுடு" என்பான். உள்ளே இருந்தது பயம். தப்பு தன் பக்கம் என்று தெரிந்துவிட்டால், இத்தனை வருஷக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சௌந்தரம் குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்: "உங்க தம்பி வூட்ட விக்கறாராம். ஓசூருக்குப் போறாங்களாம். கொழாயடில சுந்தரி அழுவுறா. இந்த நாத்தத்துல இனிமே குடும்பம் பண்ண முடியாதாம்."

கங்காதரன் டீ டம்ளரைக் கீழே வைத்தான். தம்பி பேசாமல் இருப்பது ஒன்று, தம்பியே இல்லாமல் போவது வேறு. சுவருக்கு அந்தப் பக்கம் குமரன் இருமுவதும், சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டுவதும் கேட்டுக்கொண்டிருக்கிறவரை கங்காதரன் பாட்டுக்கு வீம்பாக இருந்தான். தம்பி போகக் கூடாது. ஆனால் அதை எந்த வாயால் சொல்வது?

எழுந்து போய்க் கேமராவை எடுத்து வந்தான்.

முதலில் மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்தி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினான். தேங்கிய நீர் மெல்ல வடிந்தது. பிறகு கேபிளைத் தள்ளினான். சௌந்தரம் டிவிப் பெட்டி எதிரில் குந்திக்கொண்டாள். கொஞ்ச தூரம் குழாய் வட்டமாக, ஒழுங்காகத்தான் போனது. அப்புறம் மேல்புறம் அமுங்கி, மிதிபட்ட டப்பா மாதிரி நசுங்கியிருந்தது. வெடிப்பு வழியாக ஒரு கான்கிரீட் முட்டு உள்ளே துருத்திக்கொண்டு நின்றது. பக்கத்திலேயே, வெடிப்பில் கசிந்து தம்பி வீட்டுப் பக்கம் ஊறிய ஈர மண்.

"இன்னாங்க அது?"

கங்காதரன் கேபிளைத் தள்ளுவதை நிறுத்தினான். அது நடுச்சுவரின் அஸ்திவாரம். கொத்தனார் போதும் என்று சொல்லியும் கேட்காமல், இன்னும் ஆழமாகத் தோண்டச் சொன்னவன் அவன்தான். குழாய் பதிக்கிறதே தொழிலாக இருந்தவனுக்கு, கீழே தன் வீட்டுக் குழாய் போகிறது என்பது அன்றைக்கு நினைப்பில் வரவில்லை. அவ்வளவு கோபம்.

"செவுரு" என்றான். "நம்ம செவுரு."

கேமரா எப்படியோ அந்த இடுக்கில் நுழைந்து போனது. திடீரென்று திரை வெளுத்தது. தண்ணீர் பாய்ந்து வந்த சத்தத்துக்குக் குமரன் சேம்பர் மூடியைத் திறந்திருக்க வேண்டும். கேபிள் முனை மேலே திரும்பியதும் திரை முழுக்கக் குமரனின் முகம். தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்பது தெரியாமல், வாயைத் திறந்தபடி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். முன்நெற்றி ஏறிப்போய், கன்னம் ஒட்டிப்போய், வயசான ஆளாகியிருந்தான்.

"முன்பல்லு எப்போ போச்சு இவனுக்கு?"

"அது ஆச்சு ரெண்டு வருஷம்" என்றாள் சௌந்தரம்.

சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "யாரு? இன்னாது இது, வெளிச்சம்?"

திரையில் உதடு அசைந்தது, சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. கங்காதரன் சுவர்ப் பக்கம் திரும்பினான்.

"நான்தான்டா. கேமரா வுட்ருக்கேன்." திரையைப் பார்த்தபடியே சொன்னான்: "செவுத்து அஸ்திவாரம் கொழாய நசுக்கிட்டு நிக்குது. உங்க மேல ஒண்ணும் இல்ல. நான் கட்னதுதான்."

எந்த வீட்டிலும் முதலில் வரும் 'யாரால்' என்ற கேள்வியை இங்கே யாரும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்லிவிட்டான்.

திரையில் அந்த முகம் இன்னும் கிட்டே குனிந்தது.

"செவுத்த இடிச்சிடறேன்டா" என்றான் கங்காதரன். "நாளைக்கே இடிச்சிடறேன். போவாத."

குமரன் உள்ளங்கையால் கண்ணைத் துடைப்பது திரையில் தெரிந்தது.

"நேத்துதாண்ணா அட்வான்ஸ் வாங்கனேன்."

ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் காதில் விழுந்த அண்ணா. கங்காதரன் கேபிளைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான். உடம்பில் இருந்த அத்தனை வருஷ அலுப்பும் ஒன்றாக இறங்கியது போலிருந்தது.

"இழுத்துடுங்களேன், கேமரா கெட்டுப்பூடப் போவுது" என்றாள் சௌந்தரம் மெதுவாக.

"இரு" என்றான்.

இழுத்தால் அந்த முகம் போய்விடும். அங்கே குமரனும் சேம்பரை மூடவில்லை.