மூன்று மதிப்பெண் குளம்

நெட்டா லோரிமர் நீச்சல் கற்றுக்கொண்டது நாற்பத்தொன்றாம் வயதில். எங்கள் பிட்கேரன் துறைமுகத்தில் ஒரு மாதத்துக்கு இதே பேச்சுத்தான். மீன்பிடிக் குடும்பங்களில் யாரும் நீந்தமாட்டார்கள். படகு கவிழ்ந்தால் நீந்தத் தெரிந்தவன் இன்னும் கொஞ்ச நேரம் தவித்துச் சாவான், அவ்வளவுதான் என்பார்கள். நெட்டாவின் தம்பி டூகல் துறைமுகச் சுவரிலிருந்து முப்பது கஜத்தில், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுகிப்போனான். நாலு கை வீசத் தெரிந்திருந்தால் அன்று வீட்டில் சாப்பிட்டிருப்பான்.

அடுத்த வாரமே அவள் குளத்தில் இறங்கிவிட்டாள். கடலோரப் பாறைகளுக்கு நடுவே சுவர் கட்டிய குளம் அது. கடல் ஏறும்போது தானே நிரம்பிக்கொள்ளும். தானாகவே தத்தளித்துக் கற்றுக்கொண்டாள். பிறகு ஊர்ப்பிள்ளைகளைப் பிடித்துப் போட்டாள். பகலில் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டுவாள், சாயங்காலம் தண்ணீரில் நின்று கத்துவாள். இருபத்திரண்டு வருஷம். இன்று எங்கள் பள்ளிக்கூடத்தில் நீந்தத் தெரியாத பிள்ளை ஒன்றுகூட இல்லை.

நான் குளத்துக்குப் பக்கத்தில் வண்டி போட்டு டீ விற்கிறவள். இங்கே என்ன பார்க்கலாம் என்று வெளியூர்க்காரர்கள் என்னைத்தான் கேட்பார்கள். கோட்டை இருக்கிறது, நாலு சுவரும் காற்றும். கடல்நாய் பார்க்கப் படகு இருக்கிறது, கடல்நாய்க்கு மனசிருந்தால் வரும். குளத்தைப் பற்றி நானாக வாய் திறந்ததே இல்லை. நம்முடையதை நாமே மெச்சிக்கொள்வதா, வெட்கக்கேடு.

அந்த வெட்கம்தான் வினையாகிவிட்டது. குளிர்காலப் புயலில் குளத்துச் சுவர் பிளந்தது. மாவட்ட அலுவலகம் ஊரில் பார்க்க வேண்டியவை, செய்ய வேண்டியவை என்று ஒரு பட்டியல் அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று எங்களையும் வெளியூர்க்காரர்களையும் கேட்டது. மதிப்பெண் குறைந்ததைப் பழுதுபார்க்காமல் மூடிவிடுவார்களாம். முடிவு வந்தது. கோட்டை வாசல் பொம்மைக்கடைக்கு வெளியூர்க்காரர்கள் புண்ணியத்தில் நாலரை. குளத்துக்கு மூன்றுகூட முழுசாக இல்லை.

நெட்டா அந்தக் காகிதத்தோடு என் வண்டிக்கு வந்தாள்.

"இவங்க பிள்ளைங்கள ஒவ்வொண்ணா மிதக்க வெச்சேன்டி. எனக்கு இதுதானா?"

நான் டம்ளர் கழுவத் திரும்பிக்கொண்டேன். நானும் மூன்றுதான் போட்டிருந்தேன். எங்கள் ஊரில் யாரய்யா ஐந்து போடுவார்கள்? விருந்து அமிர்தமாக இருந்தால்கூட, சாப்பிடலாம் என்போம். ஐந்து என்பது பீற்றிக்கொள்கிறவர்களுக்கு.

மூடும் முன் ஒருதரம் பார்த்துவிட்டுப் போக அதிகாரி ஒருத்தி வந்தாள். கெயில் ரட்டர் என்று பேர், சின்ன வயசு. ஏப்ரல் மாதக் காலை, கடல் ஏறியிருந்த நேரம், சாய்ந்து அடிக்கிற மழை. நெட்டா யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் குளத்தில் நாற்பது தலைகள். நடுவில் வாட்டி டார்வட், எண்பது வயதுப் பழைய படகுக்காரர். ஒரு காலத்தில் நெட்டாவைக் கேலி செய்து, பிறகு எழுபதில் அவளிடமே நீந்தக் கற்றவர்.

கெயில் கரையில் நின்று, எத்தனை மதிப்பெண் போட்டீர்கள் என்று அவரைக் கேட்டாள்.

"ரெண்டு," என்றார் கிழவர். நெட்டா அவரைப் பார்த்த பார்வையில் குளமே கொதித்திருக்க வேண்டும். "தண்ணி ஐஸ் மாதிரி இருக்கு, ஒண்ணு போச்சு. துணி மாத்துற ரூம் கதவு மூடாது, இன்னொண்ணு போச்சு. சுவர் ஒடஞ்சு கெடக்கு. மிச்சம் ரெண்டுதானே?"

"அப்புறம் ஏங்க தினம் வர்றீங்க?"

கிழவர் முகத்துத் தண்ணீரைக் கையால் வழித்துவிட்டார்.

"போன கோடையில என் பேத்தி படகுலேருந்து விழுந்துட்டா. தானா நீந்திக் கரைக்கு வந்து, தாத்தா பசிக்குதுன்னா. அதுக்கு உங்க காகிதத்துல எடம் இல்லையேம்மா."

நெட்டா கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. கெயில் குடையை மடக்கிவிட்டு, ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு நனைந்த காகிதத்தில் எழுதினாள். அவள் கிளம்பியதும் நெட்டா, முழங்கையை ஒழுங்காக மடக்கத் தெரியவில்லை என்று வாட்டியை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள்.

ஜூனில் கொத்தனார்கள் வந்தார்கள். சுவர் எழும்பியது. இலையுதிர் காலத்தில் மறுபடி அதே காகிதம் வந்தது. நெட்டா என் வண்டி மேடையில் வைத்துத்தான் எழுதினாள். போன தடவை அவளே மூன்றுதான் போட்டாள் என்பது அப்போதுதான் அவள் வாயால் வெளியே வந்தது. பேனாவை வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, இந்த முறை ஐந்து போட்டாள். போட்டதும் அக்கம்பக்கம் பார்த்து, காகிதத்தை நாலாக மடித்துப் பக்கத்துத் தபால் பெட்டிக்குள் திணித்தாள்.

நான் பார்க்காத மாதிரி டீ ஊற்றிக் கொடுத்தேன்.