நான் அமுக்கிய ‘எஸ்’

மூன்று வருடம் இருக்கும். அந்தமானில், பாராடாங் தீவில் நடந்தது.

நான் போர்ட் பிளேயரில் கண் முகாம் வண்டி ஓட்டுகிறேன். வீடு பத்துபஸ்தி. படிப்பு ஐந்தாம் வகுப்பு.

பாராடாங்கில் முந்தின மாதம் கண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். நாற்பத்திரண்டு பேருக்குக் கண்ணாடி தயார். டப்பாவில் நம்பர் மட்டும்தான் இருக்கும். எந்த நம்பர் யாருக்கு என்பது ஆபீஸ் கம்ப்யூட்டரில், ஒரு டேட்டாபேஸ் ஃபைலில். பிரின்ட் எடுக்க மை இல்லை. எங்களுக்கு மை கப்பலில் வரவேண்டும். அந்த வாரம் கப்பல் வரவில்லை.

ஆபீஸ் பெண் மெயின்லாண்டுக்கு லீவில் போயிருந்தாள். போகும்போதே சொன்னாள், ஃபைலைத் திறக்காமல் அப்படியே பென்டிரைவில் போட்டுக்கொள் என்று.

நான் திறந்தேன். சரியான ஃபைல்தானா என்று பார்க்க. கம்ப்யூட்டர் புதிது, இங்கிலீஷில் ஏதோ கேட்டது. அது எதைக் கேட்டாலும் ‘எஸ்’ அமுக்குவது என் பழக்கம். அமுக்கினேன். பெயர்கள் தெரிந்தன. மூடிவிட்டுப் பென்டிரைவில் ஏற்றினேன்.

மறுநாள் போலீஸ் காவலோடு குறித்த நேரத்தில் வரிசையாகப் போகும் வண்டிக் கான்வாயில் காட்டைத் தாண்டி, ஃபெர்ரி ஏறிப் போய்ச் சேர்ந்தோம். பள்ளிக்கூட வராந்தாவில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அங்குள்ள வாத்தியாரின் பழைய லேப்டாப்பில் பென்டிரைவைச் செருகினோம். ஃபைல் திறக்கவில்லை.

கண் பார்க்கும் மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மதியக் கான்வாயை விட்டால் அன்று ஊர் திரும்ப முடியாது. குத்துமதிப்பாகக் கொடுக்கவும் மாட்டார். அடுத்த முகாம் மூன்று மாதம் கழித்து.

முன்வரிசையில் ஒரு தையற்கார அம்மா. பட்டன், காஜா வேலை. பள்ளிக்குப் போகும்முன் மகள் பத்து ஊசியில் நூல் கோத்துக் குத்தி வைப்பாளாம். பத்தும் தீர்ந்தால் அன்றைக்கு வேலை நின்றுவிடும்.

“கண்ணாடி கப்பலேறி வந்துருச்சு, எங்க பேருக்கு மட்டும் டிக்கெட் கெடைக்கலையாண்ணே?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

“இந்த லேப்டாப் போயிருச்சுங்க மேடம். ரொம்பப் பழசு” என்றார் வாத்தியார், தன் தப்பு போல. பழி அவர் லேப்டாப் மேல் போகட்டும் என்றிருந்தேன். மேடம் டப்பாக்களைத் திரும்பப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். அந்த அம்மா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வாய் திறந்தேன். “லேப்டாப்பு நல்லாத்தான் இருக்கு. நேத்து நான்தான் ஃபைலைத் தொறந்தேன். என்னமோ கேட்டுச்சு. எஸ் போட்டுட்டேன்.”

வாத்தியார் நிமிர்ந்தார். “அட, இத மொதல்லயே சொல்லக் கூடாதாண்ணே? ஃபைல புது வெர்ஷனுக்கு மாத்தவான்னு கேட்டிருக்கும். மாறிருச்சு. இந்தப் பழசு அதப் படிக்காது. புது கம்ப்யூட்டர் ஒண்ணு கெடைச்சா போதும், கெளம்புங்க, சலோ!”

ஃபெர்ரி வந்து நிற்கும் ஜெட்டி பக்கம் ஒரு பெங்காலிப் பெண் ஆன்லைன் ஃபாரம் நிரப்பும் கடை வைத்திருந்தார். புது கம்ப்யூட்டர். ஃபைல் உடனே திறந்தது. பழைய வெர்ஷனில் சேமிக்கப் பார்த்தார். அது ஒத்துக்கொள்ளவில்லை. பிரின்ட் கேட்டேன். “இங்க் நஹி ஹை. ஜஹாஸ் ஆயேகா” என்றார். மை இல்லை, கப்பல் வரவேண்டுமாம். அவருக்கும் அதே கப்பல்தான். நாற்பத்திரண்டு பேரையும் கையால் எழுத நேரமில்லை.

பிறகு, “டப்பா சோடோ, மால் லே லோ” என்றார். டப்பாவை விடு, சரக்கை மட்டும் எடுத்துக்கொள் என்று அர்த்தம். பெயர், நம்பர், பவர் மூன்றையும் வெறும் எழுத்தாகத் தனி ஃபைலில் போட்டுக் கொடுத்தார். எந்தக் கம்ப்யூட்டரும் அதைப் படிக்குமாம். ஓட்டமும் நடையுமாக வந்தோம். பழைய லேப்டாப்பில் ஒரே தட்டில் திறந்தது.

கான்வாய்க்கு முன் நாற்பத்திரண்டையும் கொடுத்து முடித்தோம். தையற்கார அம்மா கண்ணாடியை மாட்டியதும் என்னைத்தான் பார்த்தார். “என்னண்ணே, மீசை இவ்ளோ நரைச்சிருக்கு? நான் ஏதோ சின்ன வயசுன்னுல்ல நெனச்சேன்!” பிறகு பையிலிருந்து ஊசியை எடுத்தார். இரண்டாவது தடவையில் நூல் காதுக்குள் போய்விட்டது. யாரையும் பார்க்காமல் இன்னொரு ஊசியை எடுத்தார்.

இப்போது கம்ப்யூட்டர் ஏதாவது கேட்டால் கையை எடுத்துவிட்டு, தெரிந்தவரைக் கூப்பிடுகிறேன். பென்டிரைவில் வெறும் எழுத்து ஃபைல் ஒன்றும் எப்போதும் இருக்கும். ஆனால் அந்த வராந்தாவில் நான் வாயை மூடிக்கொண்டு நின்ற நேரத்தில் டப்பாக்கள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போனதே, அதை நினைத்தால் தப்புச் செய்த அன்றே வாய் தானாகத் திறந்துவிடுகிறது.