தூண்டில் இல்லாத மீன்காரர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆற்றங்கரையில் அவரைச் சந்தித்தேன். முழங்கால்வரை மடித்த காற்சட்டை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. எடுக்கிற ஒவ்வொரு மீனின் கன்னத்தையும் விரலால் தட்டிக்கொடுத்த பிறகே வாளியில் போடுவார். அந்தச் செல்லம் எனக்கு அருவருப்பாக இருந்தது.

“நானுஓயாவுக்கு மேல போனா டிரவுட் மீனுங்க. மஸ்கெலியா டேமுல திலாப்பியா. நோட்டன் பிரிட்ஜ் பக்கம் விலாங்கு, கைத்தண்டிக்கு இருக்கும்,” என்று ஊருக்கு ஊர் உறவு வைத்திருப்பவர்போல அடுக்கினார்.

அவரிடம் தூண்டில் இல்லை, வலையும் இல்லை. மீன்கள் வெள்ளை வயிறு மேலாகத் தாமாகவே மிதந்து வந்தன. வெயில் ஒவ்வொரு வயிற்றிலும் ஒரு நொடி நின்று நழுவியது.

“என்னங்க ஊத்துனீங்க?”

“கிழங்குக்கு அடிக்கிற பூச்சி மருந்து, கொஞ்சம்தாங்க. ஆறு இழுத்துட்டுப் போயிரும்.”

“எங்க இழுத்துட்டுப் போகும்? கீழ் லயத்து வீடுகளுக்குக் குழாயில வர்றது இந்தத் தண்ணிதாங்க.”

“நீங்க ரொம்பப் பயந்த ஆளு,” என்று சிரித்தார். “மீனு பொடிசு, சாகுது. மனுசனுக்கு ஒண்ணும் செய்யாது.”

அப்போது கீழ் லயத்து அக்கா ஒருத்தி, யாரோ வெளியூர் விருந்தாளி என்று நினைத்து, அவருக்குப் பால் விடாத பிளேன்டீ கொண்டுவந்து நீட்டினாள். உதட்டருகே கொண்டுபோனவர் நிறுத்தினார்.

“தண்ணி எங்கக்கா புடிச்சீங்க?”

“நம்ம குழாயிலதான் தம்பி, இப்பத்தான்.”

அவர் கோப்பையைச் சாய்த்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் புல்லில் ஊற்றினார். அக்கா புல்லைப் பார்த்தாள்; பிறகு ஆற்றில் மிதந்த மீன்களைப் பார்த்தாள்.

“ஏய், யாரும் தண்ணி குடிக்காதீங்கடி!” என்று கத்திக்கொண்டே லயத்துக்கு ஓடினாள். நானும் ஓடத் திரும்பினேன்.

“ஏங்க,” என்று பின்னாலிருந்து மரியாதையாகக் கூப்பிட்டார் அவர். “இந்தக் கோப்பைய யாருகிட்டங்க குடுக்கிறது?”