வால் முளைத்த இருபது பவுண்

ஊரில் ஒன்பது வருடம் வங்கியில் காசாளராக இருந்தவன் நான். லண்டனுக்கு வந்த பிறகு பிளேஸ்டோவில் ஒரு பெட்ரோல் நிலையத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சிகரெட்டும் சூயிங்கமும் விற்றேன். ஆனாலும் எங்கள் தெருவில் எனக்குப் பெயர் 'பாங்க் அண்ணை'தான். அந்தப் பெயரை யாரும் மறந்துவிடாமல் நானும் பார்த்துக்கொண்டேன். எந்தப் பேச்சு வந்தாலும், "நான் பாங்கிலை இருந்த காலத்திலை" என்றுதான் தொடங்குவேன். என் மனைவி எழுந்து அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவாள்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஆட்கள் சந்தேகமான காசுத்தாளை வங்கிக்குக் கொண்டுபோக மாட்டார்கள். எல்லோருடைய அகதி வழக்கும் ஹோம் ஒபிசில் முடிவாகாமல் கிடந்தது. கையில் கள்ளத்தாளோடு ஒரு வெள்ளைக்காரன் முன்னால் போய் நிற்க யாருக்குத் துணிவு வரும்? ஆகவே என்னிடம் வந்தார்கள். பெரும்பாலும் அது ஸ்கொட்லாந்துத் தாளாக இருக்கும். படம் வேறாக இருக்கிறதே என்று பதறிப்போய் வருவார்கள். நான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விரலால் தடவி, ஒரு நிமிடம் காக்கவைத்துத்தான் "நல்ல தாள்" என்பேன். அந்த ஒரு நிமிடம் தேவையே இல்லை. எனக்காக வைத்துக்கொண்டது.

எங்கள் முன்வீட்டில் மகள் பெரியபிள்ளையானதற்கு ஒரு சாமத்தியவீடு நடந்தது. பள்ளிக்கூட மண்டபம் எடுத்து, பிள்ளைக்குச் சேலை உடுத்தி, வீடியோவும் பிடித்து வெகு தடபுடல். மறுநாள் பின்னேரம் அன்பளிப்பு உறைகளை உடைத்தபோது, பிள்ளையின் தாய் என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனேன். முன் அறையில் பத்துப் பேராவது இருந்தார்கள்.

"அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோ. இதென்ன கோதாரியோ தெரியேல்லை."

புத்தம்புதிய இருபது பவுண் தாள். வலது கீழ் மூலையில் மட்டும், விளிம்பைத் தாண்டி ஒரு முக்கோணத் துண்டுக் காகிதம் வெள்ளையாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தாளுக்கு வால் முளைத்தது போல. அந்த மூலையில் ஒரு மடிப்புக்கோடும் இருந்தது.

உறையில் பெயர் எழுதியிருந்தது. அதே வீட்டின் மேல்மாடிச் சின்ன அறையில் வாடகைக்கு இருந்த தம்பியின் பெயர். பாண் சுடும் பக்டரியில் வேலை செய்தவன். மனைவியும் கைக்குழந்தையும் கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்துக்கிடந்தார்கள். அவனும் அந்த அறையில், கதவோரம், பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

தாளை வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே உலோக நூல் இருந்தது. நீர்க்குறியும் இருந்தது. தடவினேன், எழுத்து விரலில் தட்டுப்பட்டது. நான் படித்த படிப்பின்படி அது நல்ல தாள். அப்படியே சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அந்த வாலுக்கு எனக்கு விளக்கம் தெரியவில்லை. பத்துப் பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எனக்குத் தெரியேல்லை" என்ற இரண்டு சொல் எனக்கு வரவில்லை.

"கள்ளத்தாள்," என்றேன். "எந்த மிசின் இப்பிடி வெட்டும்? இது கத்தரிக்கோல் வேலை. இப்ப கள்ளத்தாள் அடிக்கிறவங்கள் நூலும் வைக்கிறாங்கள்."

எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள். தம்பியின் முகம் வெளிறிப்போனது.

"அண்ணை, இது பாங்கிலை தந்தது. பிள்ளைக்குக் குடுக்கிறதெண்டு புதுத் தாளாக் கேட்டு வாங்கினனான். நாளைக்கே கொண்டுபோய்க் கேக்கிறன்."

அவன் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அதையும் நான்தான் தடுத்தேன்.

"விசரே உனக்கு? கொண்டுபோனால் பொலிசைக் கூப்பிடுவாங்கள். உன்ரை கேஸ் அதோடை சரி. பிறகு மனுசியையும் பிள்ளையையும் மறந்துபோடு. தா, நான் எரிச்சுப்போடுறன்."

அவன் தலையைக் குனிந்தான். நான் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். ஒரு பெரிய ஆபத்திலிருந்து எல்லோரையும் காப்பாற்றிவிட்ட நினைப்பில், வைத்த பலகாரத்தையும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

எரிக்கவில்லை. மனதுக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் கழித்து வேலையிடத்தில் ஊதா விளக்குக்குக் கீழே பிடித்தேன். கள்ளத்தாளின் காகிதம் அந்த விளக்கில் பளிச்சென்று ஒளிரும், நல்ல தாள் மங்கலாகக் கிடக்கும். இது மங்கலாகவே கிடந்தது.

அடுத்த லீவு நாளில் பழைய நாணயமும் தாளும் விற்கும் ஒரு கடைக்கு ரயில் ஏறிப் போனேன். கடைக்காரக் கிழவர் பூதக்கண்ணாடியால் பார்த்தார். பிறகு அந்த மடிப்புக்கோட்டின் மேலேயே மூலையை மெதுவாக மடித்தார். நீட்டிக்கொண்டிருந்த வால் மறைந்து, விளிம்பு நேர்கோடாக வந்தது. அச்சடித்த பெரிய தாளை வெட்டுவதற்கு முன்னரே மூலை மடிந்திருக்கிறது, மடிந்தபடியே வெட்டியிருக்கிறார்கள், அசல் தாள்தான் என்றார். யாரோ கத்தரிக்கோலால் செய்திருக்கலாம் அல்லவா என்று, கடைசி நம்பிக்கையோடு கேட்டேன்.

அவர் சிரித்தார். கத்தரிக்கோலால் காகிதத்தைக் குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாதே என்றார்.

அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. சின்னப் பிள்ளைக்கும் விளங்கக்கூடிய விஷயம். இருபதைவிடக் கூடக் காசு தருகிறேன், தருகிறாயா என்று அவர் கேட்டார். நான் கொடுக்கவில்லை. நல்லவன் என்பதால் அல்ல, பயந்துபோய்த் தாளைப் பறித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்றைக்கே சொல்லிவிடுவது என்று நேரே முன்வீட்டுக் கதவைத் தட்டினேன். தாய் தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

"தம்பி நிக்கிறாரோ?"

"அவரைப் போகச் சொல்லிப்போட்டம் அண்ணை. லண்டன் வடக்கிலை, எட்மண்டனிலை ஆரோ தெரிஞ்சாக்களாம், அங்கை போயிட்டார். பொம்பிளைப்பிள்ளை இருக்கிற வீடு, உப்பிடிப்பட்ட ஆளை என்னெண்டு வைச்சிருக்கிறது? நல்லவேளை நீங்கள் இருந்தனீங்கள்."

தேத்தண்ணியைக் குடித்தேன். இன்னும் கொஞ்சம் சீனி போடவா என்று கேட்டார், ஓம் என்றேன். நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் நாளையிலிருந்து நான் பாங்க் அண்ணை இல்லை, பெட்ரோல் அடிக்கிற ஆள். என்னிடம் மிச்சமிருந்த உத்தியோகம் அது ஒன்றுதான். அதைக் காப்பாற்ற இன்னொருவனின் மானத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன். அவனுடைய கதை எட்மண்டன் வரைக்கும் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். யார் வீட்டு உறையில் அவன் பெயர் இருந்தாலும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம்.

தொண்ணூறுகளின் நடுவில் மோர்டனில் ஒரு கலியாணம். மண்டப வாசலில் யாரோ என் தோளைத் தொட்டார்கள். அவன்தான். பக்கத்தில் மனைவி, கையைப் பிடித்தபடி பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு பெண்பிள்ளை. ஓடிவிட நினைத்தேன், அதற்குள் அவன் பேசத் தொடங்கிவிட்டான்.

"இவர்தான் நான் சொல்லுற அண்ணை," என்று மனைவியிடம் சொன்னான். "அண்டைக்கு இவர் மறிச்சிருக்காட்டி நான் அந்தக் கள்ளத்தாளோடை பாங்குக்குப் போயிருப்பன். கேசும் போயிருக்கும். நீங்கள் ரண்டு பேரும் இப்பவும் கொழும்பிலைதான் கிடந்திருப்பியள்."

அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

பிறகு அவன் குரலைத் தணித்துக்கொண்டு, இன்னும் ஒட்டாத ஒரு உறையை என்னிடம் நீட்டினான்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. அதுக்குப் பிறகு ஆருக்கும் காசு குடுக்கப் பயம். இதையும் ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ."

அந்த வால் வைத்த தாள் என் வீட்டு அலுமாரியில், பாஸ்போட்டுகளுக்கு அடியில் கிடந்தது. புதுத் தாள் வந்து, கடைகளில் அந்தப் பழைய வகை இருபது பவுண் தாளே அப்போது செல்லாமல் போய்விட்டது. அது அசல் தாள்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிள்ளை என்னை அண்ணாந்து பார்த்தது.

உறைக்குள் இருந்த தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். வழக்கம்போல ஒரு நிமிடம் காக்கவைத்தேன்.

"நல்ல தாள்," என்றேன்.

"நன்றி அண்ணை," என்று சொல்லி, உறையை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டிக்கொண்டு உள்ளே போனான்.